இறுக்கினாலும் மடங்கும் கால்

ரோஷன் பீயின் இடது முழங்காலில் இரண்டு போல்ட்டுகள் இருந்தன. அவற்றை இறுக்கிவிடுவது தங்கள் கடமை என்று நினைத்த ஆண்கள் பாப்பிரெட்டிப்பட்டியில் குறைந்தது ஒன்பது பேர் இருந்தார்கள்.

நான்கு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து அவளுடைய இடது கால் சூம்பிப்போனது. அழ வேண்டியவர்கள் ஒரு வருஷம் அழுதார்கள். பிறகு தொலைவில் இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே அழாமல் அளவெடுத்து ஒரு காலிப்பர் செய்து கொடுத்தார்கள். காலின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை, தொடையிலும் கெண்டைக்காலிலும் தோல்வார், அடியில் பூட்ஸ். முழங்காலுக்கு நேரே பட்டைகளில் ஒரு மூட்டு. மூட்டின் மேல் ஒரு வளையம். எழுந்து நின்றால் வளையம் கீழே இறங்கி மூட்டைப் பூட்டிக்கொள்ளும், கால் விறைப்பாக நிற்கும். உட்காரும்போது வளையத்தை மேலே தூக்கினால் கால் மடங்கும். இவ்வளவுதான் அதன் வித்தை.

பிள்ளை வளர்ந்தாள், இரும்பு வளரவில்லை. பன்னிரண்டு வயதில் உள்ளூர்க் கொல்லர் ஒருவர் பழையதைப் பார்த்துப் புதிதாக நீளமாக ஒன்று செய்து கொடுத்தார். பட்டை சரி, வார் சரி, வளையமும் சரி. மூட்டில் மட்டும் ஆணிக்குப் பதிலாகச் சாதாரண போல்ட்டும் நட்டும் போட்டுவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு இரண்டு வகை நாட்கள் இருந்தன. நட்டு இறுகியிருக்கும் நாட்களில் கால் மடங்காது. தளர்ந்திருக்கும் நாட்களில் கால் நன்றாக மடங்கும், ஆனால் நட்டு எங்காவது கழன்று விழுந்துவிடும். மூன்றாவது வகை நாள் ஒன்று உண்டு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அவளுடைய தம்பி ஜமீர் கடைவீதியில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தான். உலகத்தில் நடக்கும் கெடுதல் அனைத்தும் லூசான சாமான்களால்தான் வருகிறது என்பது அவன் முடிவு. அவன் கடைச் சைக்கிளை எடுத்தவர்கள் பெடலை மிதித்து மிதித்து வியர்த்துப் போய்த் திரும்பிவருவார்கள். சக்கரத்தின் அச்சை அவன் அப்படி இறுக்கியிருப்பான். அதனால் அவன் சைக்கிளில் யாரும் தூரம் போனதில்லை, ஒரு சைக்கிள்கூடத் திருட்டுப் போனதுமில்லை. இது தன் இறுக்கத்துக்குக் கிடைத்த வெற்றி என்று அவன் சொல்லிக்கொள்வான்.

அக்காள் காலை அவன் விட்டுவைப்பானா? காலையில் அவள் வாசல் தாண்டும் முன் ஸ்பேனரோடு வந்து உட்கார்ந்துவிடுவான். ஒரு நட்டு கழல்கிறது என்று இரண்டு நட்டுப் போட்டான். விவரம் தெரிந்தவன் உள்நட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்து வெளிநட்டால் பூட்டுவான். ஜமீருக்குத் தளர்த்துவது என்பது கையே வராத காரியம். இரண்டையும் முட்ட முட்ட இறுக்கினான்.

மற்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. டீக்கடைக்காரர், பம்புசெட் மெக்கானிக், ரேஷன் கடை எடையாள், ஒரு போலீஸ்காரர் என்று யாரைப் பார்த்தாலும், "என்னம்மா, நட்டு லூசாட்டம் இருக்குது" என்று ஆளுக்கு அரைச் சுற்று சுற்றிவிட்டுப் போவார்கள். மரியாதைக்காரர்கள் முதலில் உத்தரவு கேட்பார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

கழன்ற நாட்களும் சுகமில்லை. ஒரு நிக்காஹ் விருந்தில் பரிமாறும்போது அவள் நட்டு பிரியாணித் தேக்சாவில் விழுந்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் பல்லில் அகப்பட்டது. கறியில் எலும்பு இருக்கலாம், நட்டு இருக்கலாமா என்று அவர் பெண்வீட்டாரைக் கேட்டார். ஜமீர் வந்து நட்டை வாங்கிக் கழுவி, அக்காள் காலில் போட்டு, சபை நடுவே இறுக்கினான். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ரோஷன் பீ நின்றுகொண்டு சாப்பிட்டாள்.

அவள் தையல்காரி. அந்த வட்டாரத்தில் அவளைப்போல ஜாக்கெட்டுக்குக் கை வெட்ட ஆள் கிடையாது. ஆனால் விறைத்த காலோடு மெஷினில் உட்கார்ந்தால் கால் நேரே நீண்டு எதிரில் இருந்த தடுப்புப் பலகையில் முட்டியது. காலிப்பரைக் கழற்றி வைத்துவிட்டுத் தைக்கலாமே என்றால், அளவு கொடுக்க வருகிறவர்களுக்கு நாள் முழுதும் எழுந்திருக்க வேண்டும். ஆறு வார்களை அவிழ்த்துக் கட்டக் கால் மணி நேரம் ஆகும். ஆகவே ஜமீர் பலகையில் ஒரு ஓட்டை போட்டான். அவள் தைக்கும்போது இடது கால் அந்த ஓட்டை வழியாக அடுப்பங்கரைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் அவளுடைய அம்மா அதன்மேல் கைத்துணி காயப்போடுவாள். எட்டு வருஷம் அப்படித்தான் நடந்தது. வந்தவர்களில் ஒருவருக்கும் அது விசித்திரமாகத் தெரியவில்லை.

பஸ்ஸில்தான் முதலில் சிக்கல் வந்தது. நூலும் லைனிங் துணியும் வாங்க அவள் புதன்கிழமைகளில் தர்மபுரி போவாள். முன் சீட்டில் உட்கார்ந்தால் கால் நடைபாதையைக் குறுக்கே மறிக்கும். கண்டக்டர் பெரியநாயகம் சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்.

"கால எடுங்கம்மா."

"எடுத்து எங்கீங்க வெக்கிறது?"

"மடக்கி வைங்க."

"நட்டத் தளத்துனாத்தான் மடங்கும். ஸ்பேனர் இருக்குதுங்களா?"

டிரைவரிடம் இருந்தது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்தார், குனிந்து பார்த்தார், நட்டு லூசாக இருப்பதாகச் சொல்லி இன்னும் அரைச் சுற்று இறுக்கிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நடைபாதையில் நீளும் சாமானுக்கு லக்கேஜ் டிக்கெட் போட வேண்டும் என்றார் பெரியநாயகம். அப்படியானால் மற்ற சாமானைப்போல மேலே கூரையில் ஏற்றிக் கட்டுங்கள், நான் கீழே உட்கார்ந்து வருகிறேன் என்றாள் ரோஷன் பீ. பின்சீட்டுக்காரர்கள் சிரித்ததும் அவர் டிக்கெட் கட்டைச் சுருட்டிக்கொண்டார்.

ஆனால் இரண்டு மூன்று புதன்கிழமைகளில் பெரியநாயகத்துக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அந்தக் காலைத் தாண்டி டிக்கெட் வாங்காமல் யாரும் உள்ளே போக முடியவில்லை. காலில் தன் தோல்பையை மாட்டி வைக்கலாம். ஒருமுறை ஒரு தக்காளிக் கூடை சரியாமல் அது அணைத்துக்கொண்டது. இன்னொருமுறை ஒருவர் தன் சேவலை அதில் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அதன்பிறகு பெரியநாயகம் முன் சீட்டை அவளுக்காக ஒதுக்கி வைத்தார். அவள் வராத புதன்கிழமைகளில், "இன்னைக்குக் கால் வரலியா?" என்று ஸ்டாப்பில் நிற்பவர்களை விசாரித்தார்.

இப்படியே காலம் போயிருக்கும். 1972இல் மொரப்பூரில் பெண்களுக்கு ஒரு தையல் பயிற்சி நிலையம் தொடங்கப்போவதாகவும், அதற்கு ஒரு ஆசிரியை தேவை என்றும் செய்தி வந்தது. ரோஷன் பீ மனுப் போட்டாள். வெட்டும் பரீட்சையில் கொடுத்த துணியில் கேட்டதைவிட ஒரு கைக்குட்டை அதிகமாகத் தைத்துக் காட்டினாள். முதலிடம் அவளுக்குத்தான். அவளுக்கு இருபத்துநான்கு வயது. ஜமீருக்கு அடுத்த வருஷம் கல்யாணம். வருகிற பெண்ணின் சமையலுக்கு நடுவே தன் கால் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது என்று அவள் தீர்மானமாக இருந்தாள். மொரப்பூரில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அறையும் பார்த்துவிட்டாள். அந்த வேலை கிடைத்தால் அது அவளுடைய அறை, அவளுடைய மெஷின், அவளுடைய சம்பளம். கிடைக்காவிட்டால் ஓட்டைப் பலகை.

நடுவில் நின்றது உடல்தகுதிச் சான்று.

டாக்டர் ஐந்து நிமிஷத்தில் பார்த்து, தகுதியுள்ளவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். படிவத்தின் அடியில் துணைக்கருவி என்று ஒரு பகுதி இருந்தது. அதை ஆளெடுக்கும் அலுவலகத்தில் மாது என்ற எழுத்தர் பரிசோதித்து நிரப்ப வேண்டும். அதில் ஒரே வரி. 'கருவி இறுக்கமாக உள்ளது / அசைகிறது. பொருந்தாததை அடிக்கவும்.' அசைகிறது என்றால் ஆபத்து, சான்று கிடையாது. இறுக்கமாக உள்ளது என்றால் வேலைக்கேற்றபடி உட்கார்ந்து காட்ட வேண்டும்.

முதல்முறை ஜமீர் அன்பு மிகுதியில் முந்தின நாளே இறுக்கியிருந்தான். மாதுவின் மேசைக்கு எதிரே அவள் உட்கார்ந்தபோது, கால் மேசைக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் அவருடைய இரண்டு செருப்புகளுக்கு நடுவே போய் நின்றது. மாது கண்ணியமானவர். நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"மடங்கலையேம்மா" என்றார் வருத்தமாக. "மெஷின் வேலைக்கு இது ஆவாதே."

இரண்டாம் முறை அவளே பஸ் ஸ்டாண்டில் இறங்கி நட்டுகளைக் கால் சுற்றுத் தளர்த்திக்கொண்டு போனாள். அழகாக உட்கார்ந்தாள். அழகாக எழுந்தாள். எழுந்த வேகத்தில் ஒரு நட்டு கழன்று உருண்டு, ஃபைல் அலமாரிக்கு அடியில் போய்விட்டது. கட்டடம் கட்டிய நாளிலிருந்து நகர்த்தாத அலமாரி அது. ஆறு பேர் சேர்ந்து நகர்த்தினார்கள். நட்டு கிடைத்தது. கூடவே நான்கு வருஷமாகக் காணாமல் போயிருந்த ஒரு ஃபைலும் கிடைத்தது. அது கிடைத்ததில் அந்த அலுவலகத்தில் ஒருவருக்கும் சந்தோஷம் இல்லை. மாது முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'அசைகிறது' என்பதை மட்டும் விட்டுவைத்தார்.

இருபது நாள் தவணை கொடுத்தார்கள். அதற்குள் சான்று வராவிட்டால் இரண்டாம் இடத்துக்காரிக்கு வேலை.

வீட்டுக்கு வந்தவள் யாரிடமும் புலம்பவில்லை. கை வேலை இல்லாமல் இருந்ததால் மெஷினுக்கு எண்ணெய் போட உட்கார்ந்தாள். மெஷினின் முகத்தில் நூலைத் தூக்கிக் கொடுக்கும் சிறிய நெம்புகோல் இருக்கிறதல்லவா, நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான தடவை ஏறி இறங்குவது, அதைத் தாங்கும் திருகாணியைத் துடைத்தாள். எட்டு வருஷமாகத் துடைத்து வந்ததுதான். அன்றுதான் கை நின்றது. ஸ்க்ரூ டிரைவரால் திருகிப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. நெம்புகோலைத் தொட்டாள். ஈ பறப்பதுபோல ஆடியது. இறுகியும் இருந்தது, ஆடவும் ஆடியது.

அந்தத் திருகாணியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்துகொண்டு, தர்மபுரியில் லேத் பட்டறை வைத்திருந்த அப்துல் சுபானிடம் போனாள்.

சுபான் ஐம்பது வயது டர்னர். இரும்புத் தூள் படிந்த புருவம். அதிகம் பேசமாட்டார். அவள் முடிச்சை அவிழ்த்துக் காட்டியதும் லேத்தை நிறுத்திவிட்டார். அது மழைநாளில்கூட அவர் செய்யாத காரியம்.

"இத யாரு குடுத்து வுட்டா?"

"யாரும் குடுக்கலீங்க பாய். மெஷின்ல இருந்து எடுத்தேன். இதே மாதிரி பெருசா ரெண்டு வேணும், முட்டிக்கு."

சுபான் அவள் காலைப் பார்த்தார், போல்ட்டைப் பார்த்தார், பிறகு உட்காருங்கள் என்று சொல்ல வந்து, முடியாது என்று தெரிந்து தானும் எழுந்து நின்றுகொண்டு பேசினார். அதற்கு ஷோல்டர் ஸ்க்ரூ என்று பெயர் என்றார். தலை ஒன்று, நடுவில் வழவழப்பான கழுத்து, நுனியில் கழுத்தைவிட மெலிந்த மரை. கழுத்து முடியும் இடத்தில் ஒரு படி இருக்கிறது, அதுதான் தோள். மரையை எவ்வளவு இறுக்கினாலும் அந்தத் தோள் போய் அடிப்பட்டையில் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் இறுக இடமில்லை. ஆடுகிற பட்டை கழுத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். கழுத்தின் நீளம் பட்டையின் கனத்தைவிட ஒரு காகித அளவு அதிகம். ஆகவே தலை பட்டையை நசுக்காது. இறுக்கம் ஒரு இடத்தில், ஆட்டம் வேறு இடத்தில். சாதாரண போல்ட்டில் ஆடுகிற பட்டை மரை மேலேயே ஆடும், மரை அரம்போல ஓட்டையை அராவித் தின்றுவிடும்.

அவர் ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினார். விரல் நீளம் முதல் முழ நீளம் வரை எல்லாம் அதே சாதி. தகர மூடி வெட்டும் பிரஸ் அச்சில் ஸ்பிரிங்கோடு ஏறி இறங்கும் தட்டுக்கு ஒன்று. தறியின் நெம்புகோலுக்கு ஒன்று. சினிமாக் கொட்டகை புரொஜெக்டரில் சிறு உருளைக்கு ஒன்று. கரும்பை இழுத்துப்போகும் சங்கிலியின் உருளைக்குப் பெரியதாக ஒன்று. ஒரு மில்லுக்கு நாற்பது செய்து கொடுத்ததை, எவ்வளவு இறுக்கினாலும் ஆடுகிறது என்று போர்மேன் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஆடத்தான் செய்தேன் என்று கடிதம் போட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

"இருவது வருசமா கடைஞ்சிட்டிருக்கேன்" என்றார் சுபான். "இறுக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க. எத இறுக்கணும்னு கேட்டது நீ ஒருத்திதான்மா."

அன்றே பித்தளையில் இரண்டு கடைந்து கொடுத்தார். துருப்பிடிக்காது, நயமாக ஆடும். ரோஷன் பீ பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து, வளையத்தைத் தூக்கி, காலை மடக்கினாள். பெரியநாயகம் மாட்ட வந்த பையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"என்னம்மா இது?"

"கால் மடங்குது."

"அதுக்கு நான் பையை எங்க மாட்டறது?" என்றார் அவர், நிஜமாகவே கோபமாக.

பித்தளை இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் காலை அவள் தூக்கத்தில் இருக்கும்போதே ஜமீர் காலிப்பரை எடுத்துப் பார்த்தான். ஆட்டினான், ஆடியது. இறுக்கினான், ஆடியது. பொறுக்க முடியாமல் ஸ்பேனரில் ஒரு குழாயைச் செருகி இன்னும் ஒரு இழுப்பு இழுத்தான். தலை கையோடு வந்துவிட்டது. தோளும் மரையும் சேரும் இடம்தான் அந்தச் சாதி ஸ்க்ரூவுக்குப் பலவீனமான இடம். பித்தளை மிருதுவானது. முறுகி அறுந்துபோயிற்று.

அடுத்தது சாதாரண இரும்பு. அது ஜமீரின் கைக்குத் தாங்கியது. ஆனால் தொடைவாருக்கு அடியில் ஊறும் வியர்வையும் அந்த வாரம் பிடித்த மழையும் சேர்ந்து அதைத் துருப்பிடிக்க வைத்தன. நடக்கும்போதெல்லாம் முழங்கால் கிணற்று உருளைபோலக் கத்தியது. கடைவீதியில் அவள் போனால் உள்ளே இருப்பவர்கள் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். துரு வடிந்த இடத்தில் தோலும் சிவந்து புண்ணாயிற்று. அவள் புண்ணைக் கழுவி, காயவைத்து, பவுடர் போட்டு, பருத்தி உறை ஒன்று தைத்து மாட்டிக்கொண்டு மறுபடி சுபானிடம் போனாள்.

மூன்றாவதாக அவர் ஒரு லாரி அச்சின் துண்டை எடுத்தார். உயர்ந்த எஃகு. கடைந்து, பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்கினார். சிவப்பாகக் காய்ச்சிக் குளிரவைத்த எஃகை மறுபடி சற்று இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். அன்று ஜும்மா தொழுகைக்கு நேரமாகிவிட்டதால் அதை அவர் விட்டுவிட்டார். விளைவு கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடைவு. பாலக்கோட்டுச் சந்தை நாளில், நிறைந்த பஸ்ஸில், ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கியபோது படீர் என்று வெடித்தது. டயர் போயிற்று என்று டிரைவர் நிறுத்தினார். முப்பது பேர் இறங்கி ஆறு டயரையும் தட்டிப் பார்த்தார்கள். ரோஷன் பீ சீட்டைவிட்டு எழ முடியாமல், போனது டயரல்ல என்று மூன்று முறை சொன்னாள். யாரும் கேட்கவில்லை. தட்டிப் பார்ப்பதில் எல்லோருக்கும் அவ்வளவு ஈடுபாடு.

தவணையில் நான்கு நாள் பாக்கி. துருப்பிடிக்காததாகவும் வேண்டும், உடையாததாகவும் வேண்டும், ஜமீரைத் தாங்குவதாகவும் வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் என்றார் சுபான். பாத்திரக்கடை எவர்சில்வரின் முரட்டு அண்ணன். செய்தி தெருவில் பரவியதும் அண்டை வீட்டுக்காரர்கள் எவர்சில்வர் டம்ளரும் தட்டும் கொண்டுவந்து ஜமீர் கடையில் குவித்தார்கள். ஒரு பெண்மணி பேர் வெட்டிய குடத்தையே தூக்கிவந்து, முழங்காலுக்கு இது போதுமா என்று கேட்டாள். தகட்டில் ஸ்க்ரூ கடைய முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு ரோஷன் பீக்கு ஒரு பகல் போயிற்று. சுபான் ஒரு பழைய பம்பின் தண்டை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார். அதில் இரண்டு கடைந்தார். எஃகோடு எஃகு உரசினால் ஸ்டெயின்லெஸ் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் என்று ஆடுகிற பட்டையின் ஓட்டையில் புஷ் எனப்படும் பித்தளைக் குழலை இறக்கினார். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். பித்தளை தேயும், ஸ்க்ரூ தேயாது, தேய்ந்தால் புஷ்ஷை மட்டும் மாற்றிக்கொள் என்றார்.

அவள் அன்று காலிப்பரை ஒளித்து வைக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, அவன் கையிலேயே கொடுத்து, இறுக்கு என்றாள்.

ஜமீர் இறுக்கினான். குழாய் செருகி இறுக்கினான். காலால் மிதித்து இறுக்கினான். பிறகு ஆட்டிப் பார்த்தான். மூட்டு எண்ணெய் போட்ட கதவுபோல மடங்கியது. மறுபடி இறுக்கி, மறுபடி ஆட்டிப் பார்த்தான்.

"ஆபா" என்று அக்காளைக் கூப்பிட்டான் கடைசியில், "இது முழுசா இறுகிடுச்சு. இன்னும் ஆடுது."

"ஆமா."

"அப்ப நான் என்ன பண்றது?"

"கடையத் தொற" என்றாள் ரோஷன் பீ.

அவன் அன்று கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

மாது படிவத்தை எடுத்து வைத்தார். அவள் உட்கார்ந்தாள், கால் மடங்கியது. எழுந்தாள், வளையம் இறங்கியது, கால் நின்றது. மூன்று முறை செய்து காட்டினாள். அலமாரியின் பக்கம் ஒரு கண் வைத்தபடியே மாது குனிந்து மூட்டைத் தொட்டு ஆட்டினார்.

"அசையுதேம்மா."

"இறுக்கிப் பாருங்க சார்" என்று அவள் பையிலிருந்து ஜமீரின் ஸ்பேனரை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

மாது இறுக்கினார். அசைந்தது. இன்னும் இறுக்கினார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்தார்கள். ஒருவர் யோசனை சொன்னார், ஒருவர் அவள் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். மாது சட்டைக்கையை மடக்கிவிட்டு, மூச்சைப் பிடித்து, முழு உடம்பையும் கொடுத்து ஒரு இழுப்பு இழுத்தார். ஸ்க்ரூ ஒரு நூல்கூட நகரவில்லை. ஸ்பேனர் வழுக்கியது. மாதுவின் மணிக்கட்டு மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருவிவிட வந்தார்கள். ரோஷன் பீ எல்லோரையும் விலக்கினாள். வளையத்தைத் தூக்கி, காலை மடக்கி அவர் எதிரே உட்கார்ந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைக்கச் சொன்னாள், அசைந்தன. எலும்பு போகவில்லை, சுளுக்குத்தான் என்றாள். மண்பானைத் தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றினாள். ஃபைல் அட்டை ஒன்றை இரண்டாக மடித்து அடியில் கொடுத்து, பையில் இருந்த லைனிங் துணியை நீளமாகக் கிழித்துக் கட்டி, கழுத்தில் தூளி போட்டுவிட்டாள். உருவக்கூடாது, மூன்று நாள் கையைத் தொங்கவிடக்கூடாது என்றாள். எழுந்தாள். வளையம் க்ளிக் என்று இறங்கியது.

மாது தன் கைக்கட்டையும் அவள் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இறுக்கமாத்தான் இருக்குது" என்றார் மெதுவாக. "அசையவும் அசையுது. நான் எத அடிக்கிறது?"

"ரெண்டையும் வுட்டுடுங்க சார். ரெண்டும் நெசந்தானுங்களே."

அடிக்காமல் விடுவதற்கு விதியில் இடமில்லை. ஆனால் அடிப்பதற்கு அவரிடம் கை இல்லை. அது வலது கை. கையெழுத்துப் போட முடியாத நிலையில் இடது கட்டைவிரல் ரேகை வைக்கலாம் என்று பக்கத்து மேசைக்காரர் விதி எண்ணோடு எடுத்துச் சொன்னார். ஆனால் ரேகைக்கு, வைத்தவரை நேரில் பார்த்த ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலகத்தார் சாட்சி போட்டால் மேலே கேள்வி வரும், அலமாரி ஃபைல் விவகாரம் வேறு இன்னும் ஆறவில்லை. எல்லோரும் தங்கள் தங்கள் மேசைக்குத் திரும்பிவிட்டார்கள். அறையில் வெளியாள் ஒருத்திதான் இருந்தாள்.

ஆகவே ரோஷன் பீயின் கால் இறுக்கமாக இருக்கிறது, அசைகிறது என்று மாது இடது கட்டைவிரலால் சான்றளித்தார். அந்த விரல் அவருடையதுதான் என்று ரோஷன் பீ சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். முத்திரையை அவளே குத்தி, மையையும் ஊதிக் காயவைத்துக்கொண்டாள். அந்தத் தாளை அதன்பிறகு ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. முத்திரை அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது.

மொரப்பூர் நிலையத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தாள். தையல் கற்க வருகிறவர்களுக்கு முதல் நாள் ஊசி, நூல் எதையும் கொடுப்பதில்லை. மெஷினின் நெம்புகோல் ஸ்க்ரூவைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவாள். தோள் எது என்று காட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் மறுநாள் துணி. 1978இல் காலிப்பரின் பட்டைகள் தேய்ந்து புதிது செய்தபோது பழைய ஸ்க்ரூக்களையே மாற்றிப் பூட்டினார்கள். புஷ் மட்டும் புதிது. ஜமீர் கல்யாணம் செய்துகொண்டான். பலகையின் ஓட்டையை அடைத்தான், அதுவும் சரியான இறுக்கம். அவனுடைய வாடகைச் சைக்கிள்கள் மட்டும் கடைசிவரை ஓடவில்லை.

அதற்கெல்லாம் முன்பு, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், வீட்டுக்கு வந்து மொரப்பூர் திரும்பும் பஸ்ஸில் முன் சீட்டு அவளுக்காகக் காலியாக இருந்தது. பெரியநாயகத்துக்கு ரூட் மாற்றியிருந்தார்கள். அவள் உட்கார்ந்து வளையத்தைத் தூக்கிக் காலை மடக்கினாள். அவர் நடைபாதையின் குறுக்கே ஒரு மூங்கிலை வைத்து, அதில் பையை மாட்டியிருந்தார்.

"மூங்கில் நிக்க மாட்டேங்குதும்மா" என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார். "சும்மா ஆடுது."

அவள் குனிந்து பார்த்தாள். அதை ஒரு சாதாரண போல்ட்டில் பூட்டியிருந்தார்கள்.

"இறுக்குங்க" என்றாள் ரோஷன் பீ.